கலாசாரப் பின்னணி என்ற கட்டத்தில் 'தமிழ், இந்து' என்று எழுதினால் போதுமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மட்டக்களப்புப் பக்கம் ஊர், தாதியர் பயிற்சி முடித்து கொழும்பில் ஓர் உளநலப் பிரிவுக்கு வந்து ஆறு மாதம். மதிப்பீட்டுப் படிவத்தில் 'கலாசாரப் பின்னணி' என்று ஒரு கட்டம் இருக்கிறது, எல்லாரும் இனம், மதம் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். நோயாளி ஏதாவது விசித்திரமாகச் சொன்னால் குழுவில் ஒருவர் "அது அவங்கட கலாசாரம்" என்கிறார், இன்னொருவர் அதையே நோய் என்கிறார். யார் சரி, அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். கூடவே, தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மொழிபெயர்ப்புக்கும் உங்களையே இழுக்கிறார்கள் என்று ஒரு மனக்குறையும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி, உளநலப் பிரிவுகளில் சமூகசேவை உத்தியோகத்தராக இருபது வருசம் ஓடிவிட்டது. கீழே சொல்கிற ஆட்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

இரண்டு பேருமே ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். "கலாசாரம்" என்று சொல்பவரும் "நோய்" என்று சொல்பவரும் நோயாளியின் சொந்த ஆட்களிடம் கேட்காமல் தாங்களே முடிவெடுக்கிறார்கள். இது யாருக்கு விசித்திரம்? எங்களுக்கா, அவருடைய அம்மாவுக்கா? அந்தக் கட்டத்தில் வர வேண்டிய பதில் இதுதான்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தாள். ராத்திரியில் குசினிக்குள் திடீரென்று தலையை விரித்துப் போட்டு ஆடுகிறாள், குரல் மாறுகிறது, "நான் காளி" என்கிறாள், விடிந்தால் ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்காரர் பயந்து கொண்டுவந்து விட்டார்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, வாட்டில் நின்ற ஓர் அட்டென்டன் மொழிபெயர்த்தார், கோப்பில் விழுந்தது இரண்டு வரி: தன்னைக் கடவுள் என்று நம்புகிறார், குரல்கள் கேட்கின்றன. அடுத்த நாள் வாட்டு ரவுண்டில் மலையகம் கொஞ்சம் தெரிந்த ஒருவர், தோட்டத்தில் சாமி ஆடுவது சகஜம், திருவிழாவென்றால் பாதிப் பேர் ஆடுவார்கள், மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பரந்த மனசோடு பேசுகிற மாதிரி ஒரு திருப்தியும் வந்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அம்மா பஸ் ஏறி வந்தார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அம்மா, உங்கட பக்கம் இப்படி ஆடுறது வழக்கம்தானே?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி வந்தா திருநாளைக்கு வரும், தப்பு அடிக்கயில வரும். எந்தங்கச்சிக்கு வருசா வருசம் வருது. இது என்னா, நடு ராத்திரியில, குசினிக்குள்ள, ஒத்தையில? இது சாமி இல்ல, புள்ளைக்கு என்னமோ ஆகியிருக்கு."

பாருங்கள். சாமி ஆடுவது வழக்கமாக உள்ள வீட்டிலேயே இது வழக்கத்துக்கு மாறு. அந்த ஊர்க்காரர்களிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது: எப்போது, எங்கே, யார் முன்னால், எப்படித் தொடங்கி எப்படி முடியும் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடியின் 11ஆவது பதிப்பு, ஆவேச நிலையை நோயாகக் கொள்ள வேண்டுமென்றால் அது ஆளின் விருப்பமில்லாமல் வர வேண்டும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாக இருக்கக் கூடாது என்று கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. அந்த அம்மா அதை வாசித்திருக்கப் போவதில்லை.

வலிப்பாக இருக்குமோ என்று முதலில் பார்த்தார்கள், இல்லை. (இதை எப்போதும் முதலில் பாருங்கள். காய்ச்சலோடு திடீரென்று 'பேய் பிடித்த' பிள்ளைக்கு மூளை அழற்சியாக இருக்கலாம், கலாசாரம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.) அம்மாவோடு தனியாக இருந்தபோதுதான் மிச்சக் கதை வெளியே வந்தது. போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், ஏழு மாதச் சம்பளம் 'சேர்த்துத் தருகிறோம்' என்று கையில் வரவேயில்லை, பொங்கலுக்கும் ஊருக்கு விடவில்லை. வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து "என்னை ஊருக்கு அனுப்புங்கள்" என்று சொல்ல அந்தப் பிள்ளையால் முடியாது, காளியால் முடியும். 'மனச்சிதைவு' என்று எழுதியிருந்தால் வருசக்கணக்கில் மருந்து. 'கலாசாரம்' என்று எழுதியிருந்தால் அதே குசினிக்குத் திருப்பி அனுப்பியிருப்போம். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்தது 'தமிழ்' என்ற சொல். கொழும்பில் அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வெள்ளவத்தையில் ஏறி முகத்துவாரத்தில் இறங்கினால் தெரியும். யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மூன்று தலைமுறையாகக் கொட்டாஞ்சேனையில் இருந்து ஊர் என்று ஒன்றே இல்லாதவர், மலையகத்திலிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்த பிள்ளைகள், தமிழ் பேசினாலும் தங்களைத் தமிழர் என்று சொல்லாத முஸ்லிம்கள், கொழும்புச் செட்டி, பரதர். மதக் கட்டமும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசையில் போய் நின்று பாருங்கள், பொட்டு வைத்த அம்மாக்கள் எத்தனை பேர் என்று. மயூரபதி அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, தெவட்டகஹ பள்ளிவாசலிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் ஓதி வாங்கிக்கொண்டு உங்கள் கிளினிக்குக்கு வருகிற ஆளுக்கு 'இந்து' என்று எழுதினால் என்ன தெரிந்துகொண்டீர்கள்?

இதில் நான் விட்ட பிழை ஒன்று. தமிழ் பேசுகிறேன், ஆகவே தமிழ் பேசும் எல்லாரையும் விளங்கும் என்று நினைத்திருந்தேன். மாளிகாவத்தைப் பக்கம் ஒரு முஸ்லிம் இளைஞர், பின்னேரத்தில் தன்னோடு ஜின் கதைக்கிறது என்றார். ஜின் உண்டு என்பது அவர்களுடைய நம்பிக்கை, அதை நோயாக்கக் கூடாது என்று எங்கோ வாசித்த ஞானம் எனக்கு, அப்படியே குறித்தேன். உம்மாவிடம் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சாப்பாட்டில் நஞ்சு என்று சாப்பிடாமல் எலும்பாகித் திரும்பி வந்தார். அப்போது உம்மா சொன்னார், முதல் வாரமே ஓதிப் பார்க்கிற மௌலவி, "இது ஜின் இல்ல, டொக்டர்ட்ட கொண்டு போங்க" என்று அனுப்பியிருக்கிறார், அதனால்தான் அவர்கள் எங்களிடம் வந்ததே! மௌலவி சரியாகக் கண்டுபிடித்ததை நான் 'கலாசாரம்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். மரியாதை என்று நினைத்துச் செய்கிற அலட்சியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சரி, சொற்களுக்கு வருவோம், இங்கேதான் நிறையக் கோட்டை விடுகிறோம். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் "எனக்குச் சரியான யோசனை" என்றால் அவர் கவலையில் இருக்கிறார், நித்திரை இல்லை, ஒரே விசயம் மண்டைக்குள் சுற்றுகிறது. இதைச் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ 'நிறைய சிந்திக்கிறார்' என்று போட்டால் டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மனச்சோர்வு எங்கள் ஆட்களிடம் அந்தப் பெயரோடு வருவதில்லை. நெஞ்சடைப்பு, பெருமூச்சு, கைகால் உளைவு, உடம்பெரிவு, தலைக்குள் ஏதோ ஊருகிற மாதிரி, வயிறு பத்தி எரிகிறது என்று வரும், கொழும்பு முஸ்லிம் ஆட்கள் "மேலுக்கு ஏலாம ஈக்கி" (உடம்புக்கு முடியவில்லை) என்பார்கள். இதயத்தை ஸ்கேன் பண்ணி, வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று சொன்ன பிறகு எங்களிடம் வருவார்கள். இளம் பெடியங்கள் 'தாது போகுது' (விந்து வீணாகிறது) என்று களைப்போடும் வெட்கத்தோடும் வருவார்கள், சிரிக்காதீர்கள், அதற்குள் பதற்றமும் மனச்சோர்வும் இருக்கும், அதை இந்திய உளமருத்துவர் விக் 1960இலேயே எழுதிவைத்திருக்கிறார். வயதானவரைப் பற்றி "அறளை பேந்திட்டுது" என்று வீட்டார் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், அவர்களுக்கு அது வயதின் குணம், உங்களுக்கு அது மறதி நோய்க்கான முதல் தடயம்.

அப்புறம் "ஓம்". நாங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் "ஓம், ஓம்" என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், மரியாதையும் இருக்கிறது. கேள்வித்தாளில் பத்துக்கும் 'ஆம்' விழுந்திருந்தால் ஒன்பதாவது கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்டுப் பாருங்கள், அதற்கும் "ஓம்" வரும். ஆண் டொக்டர் முன்னால் தலை குனிந்திருக்கும் இளம் பெண்ணுக்குக் 'கண்ணைப் பார்ப்பதில்லை' என்று எழுதுவதும் இதே வகை. அவள் அம்மாவோடு பேசும்போது பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

பரிசோதனைத் தாள்களைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். 1975இல் அமெரிக்காவில் வந்த, ஞாபகத்தையும் அறிவாற்றலையும் பார்க்கிற முப்பது புள்ளிப் பரிசோதனை ஒன்றை எங்கும் பயன்படுத்துகிறார்கள், அதில் 'இப்போது என்ன பருவகாலம்' என்று ஒரு கேள்வி. கொழும்பில்! தோட்டத்து அம்மா ஒருவர் "கொழுந்து கொறஞ்ச காலம்" என்றார், மாதத்துக்குச் சரியான பதில், கிடைத்தது பூச்சியம். பள்ளிக்கூடமே போகாதவரை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைப் பார்க்கிற எடின்பரோ பத்துக் கேள்வியில், வேலைகள் தலைக்கு மேல் போவதைப் பற்றிய ஆறாவது கேள்வியை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பொருட்கள் என் மேலே ஏறுகின்றன' என்று வரும். தமிழில் சரிபார்த்த வடிவம் இருந்தால் அதையே எடுங்கள், வாட்டில் நின்றபடி நீங்களே பெயர்க்காதீர்கள்.

இனி, பயம். இதில் எங்கள் நாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் "என்னைக் கண்காணிக்கினம்" என்றால் பாடப்புத்தகம் சந்தேகப் பிறழ்வு என்று சொல்லும். ஆனால் 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது, அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்த பஸ்ஸில் இருந்தவர் இன்றும் கதவு தட்டும் சத்தத்துக்கு எழும்பி உட்கார்ந்தால் அது நினைவு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த மாதங்களில் அபாயா போட்ட பெண்கள் பஸ்ஸில் எல்லாரும் தங்களையே பார்க்கிறார்கள் என்று சொன்னபோது, உண்மையில் எல்லாரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காகக் கண்காணிப்பு என்று சொல்கிற எல்லாருக்கும் வரலாற்றைக் காட்டி விட்டுவிடவும் ஏலாது. நான் பார்ப்பது மூன்று விசயம். அதே காலத்தில் அதே ஊரில் இருந்த அவருடைய தம்பி இதை நம்புகிறாரா? பயம் நடந்த சம்பவத்தோடு ஒட்டி நிற்கிறதா, இல்லை டீவி, பக்கத்து வீட்டு நாய், சாப்பாடு என்று பரவிக்கொண்டே போகிறதா? "அப்படி இல்லாமலும் இருக்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டால் ஒரு கணமாவது யோசிக்கிறாரா? தம்பியே "அண்ணா சொல்றது அளவுக்கு மிஞ்சிப் போச்சு" என்றால், அளவு எங்கே முடிகிறதென்று அவருக்குத் தெரியும்.

துக்கமும் இப்படித்தான், அதிலும் கூடுதல் கவனம் தேவை. கணவர் இறந்து இரண்டு மாதமான முஸ்லிம் பெண் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, அலங்கரிப்பதில்லை, ஆண்களைச் சந்திப்பதில்லை என்றால் அவர் இத்தாவில் இருக்கிறார், கணவர் இறந்தால் மார்க்கப்படி ஒதுங்கியிருக்கிற காலம், நாலு மாதமும் பத்து நாளும். அதைச் 'சமூக விலகல்' என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் செத்தவருடைய குரல் கேட்டது, வாசலில் நின்றார் என்பதெல்லாம் சாதாரணமாகப் பேசப்படும். ஆனால் அந்தியேட்டி முடிந்து, ஒரு வருசத்தில் வரும் ஆட்டைத் திவசமும் முடிந்து, இன்னும் குளிக்காமல் சாப்பிடாமல் இருந்தால் வீட்டாரே "இது இப்ப சரியில்லை" என்பார்கள். சடங்குகளே ஒரு கலண்டர், அதைக் கேட்டு எழுதுங்கள்.

சடங்கே நடக்காத துக்கம் வேறு. 2009இல் போர் முடியும்போது இராணுவத்திடம் ஒப்படைத்த மகனுக்கு இன்றும் கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிற அம்மாவை, 'மகன் உயிரோடு இருப்பதாக மாயநம்பிக்கை' என்று ஒரு பயிற்சி டொக்டர் எழுதியிருந்தார். உடல் இல்லை, மரணச் சான்றிதழை வாங்கினால் தானே மகனைச் சாகக் கொடுத்த மாதிரி என்று அந்த அம்மா நினைக்கிறார், காணாமற்போனவர்களுக்கென்று ஓர் அலுவலகமே அரசாங்கம் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. இதைத் தெளிவற்ற இழப்பு என்று போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெயரிட்டு எழுதியிருக்கிறார், எங்கள் பக்கம் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத் தனி ஆளின் காயமாக மட்டும் பார்க்காமல் கூட்டுக் காயமாகப் பார்க்க வேண்டும் என்று பல வருசமாகச் சொல்லி வருகிறார். கணவர் காணாமல் போன பெண் தாலியோடும் பொட்டோடும் இருப்பதும் இதுதான்.

கொழும்பிலேயே நடந்ததையும் மறக்க வேண்டாம். 2020இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். ஒரு மகன் வந்து "வாப்பா எரியிற மணம் இன்னும் வருது" என்றால், இந்த வரலாறு தெரியாதவர் அதை மாயமணம் என்று எழுதி மூளையை ஸ்கேன் பண்ண அனுப்புவார். அனுப்புவது பிழையில்லை. அதோடு நிறுத்துவதுதான் பிழை.

தற்கொலை எண்ணத்தைக் கேட்பது பற்றியும் சொல்ல வேண்டும். "செத்தா நல்லம்" என்பது எங்கள் வாயில் கறிக்கு உப்பு மாதிரி வருகிற சொல், அதற்காகக் கடந்து போகவும் கூடாது. சாவு தானாக வந்தால் நல்லது என்று நினைக்கிறாரா, இல்லை தானே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று வருகிறதா, அதற்கு ஏதாவது பார்த்து வைத்திருக்கிறாரா என்று ஒவ்வொரு படியாக நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. முஸ்லிம் ஒருவரிடம் நேரே கேட்டால் "அஸ்தஃபிருல்லாஹ், அதெல்லாம் ஹராம்" என்று ஒரே வெட்டு. "அல்லாஹ் என்ட உயிர எடுத்தா நல்லம்னு துஆக் கேட்டீங்களா?" என்று தொடங்கினால் சிலர் அழத் தொடங்குவார்கள், அதற்குப் பிறகு கேட்கலாம். உண்மையைச் சொன்னால் பொலிஸுக்குப் போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பாதிப் பயம் குறையும். ஆபத்து இருக்கிறது என்று பட்டால் கலாசாரக் கட்டமெல்லாம் பிறகு, முதலில் பெரிய டொக்டருக்கு அறிவியுங்கள். வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

மருந்து விசயத்தில் இரண்டே வரி. நோன்பு, கந்தசஷ்டி விரதம், இவற்றில் தண்ணீர் குறைந்தால் லித்தியம் என்ற மனநிலை மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தில் அளவு கூடி நஞ்சாகலாம், நோன்பு தொடங்க முன்னமே கேளுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் எடுக்கிறாரா என்றும் திட்டாமல் கேளுங்கள், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

எதைக் கேட்பது? ஆர்தர் கிளெய்ன்மன் என்ற உளமருத்துவர் 1970களிலேயே எட்டுக் கேள்விகள் வகுத்துக் கொடுத்தார். 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாவது பதிப்பில் பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு கலாசார நேர்காணல் இருக்கிறது. முழுவதும் கேட்க வாட்டில் யாருக்கு நேரம்? நான் கேட்பது இவ்வளவுதான்: வீட்டில் இதற்கு என்ன பெயர் சொல்கிறீர்கள்? ஏன் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அம்மா என்ன சொல்கிறார், பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள்? (இந்த மூன்றுக்கும் மூன்று பதில் வரும், அதுதான் தேவை.) இங்கே வர முன்னம் எங்கெல்லாம் போய்ப் பார்த்தீர்கள், எல்லாரும் போறதுதானே? இதில் உங்களுக்கு ஆகப் பயம் எது? கடைசிக் கேள்விக்குச் செய்வினை, பேய் என்று பதில் வரும் என்று நினைப்பீர்கள். எனக்கு அதிகம் வந்த பதில் "தங்கச்சிக்குக் கலியாணம் பேச வருவினமோ" என்பதுதான்.

அந்தப் பதினாறில் கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தது. டொக்டரும் நோயாளியும் வேறு வேறு பின்னணி என்பதால் ஒருவரை ஒருவர் பிழையாக விளங்கலாம், அப்படி ஏதாவது கவலை உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறது. அதாவது பின்னணி எங்களுக்கும் உண்டு. வெள்ளை உடுப்பு, நம்பர் எடுத்துக் காத்திருப்பது, ஐந்து நிமிசத்தில் கேள்வி, கூட்டாக நின்று பார்ப்பது, இதுவும் ஒரு கலாசாரம்தான், வருகிறவருக்கு அதில் பழக்கமில்லை. மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே இந்த நாட்டில் வசவாக்கி வைத்திருக்கிறோம், யாழ்ப்பாணத்தில் மந்திகைக்கும் அதே கதி. 'அங்கொடைக்கு எழுதித் தருகிறேன்' என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வது நோயாளியின் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். குடும்பத்தைக் கேள் என்று இவ்வளவு சொன்னேன், அதற்கும் ஓர் எல்லை வைக்கிறேன்: பெண்ணுக்குப் பதிலாக அத்தானே எல்லாவற்றுக்கும் வாய் திறந்தால் அவரை வெளியே இருத்திவிட்டு அவளிடம் தனியாகப் பேசுங்கள். அடி உதை இருக்கிற வீட்டில் "இதெல்லாம் எங்கட வழக்கம்" என்று முதலில் சொல்பவர் அடிக்கிறவர்தான்.

இப்போது அந்தக் கட்டம். காளி ஆடிய பிள்ளைக்கு இன்று எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்: "ஹட்டன் பக்கத் தோட்டம், கொழும்பில் வீட்டு வேலை 14 மாதம். மலையகத் தமிழ், சிங்களம் பாதி விளங்கும். தன் நிலையைக் 'காளி ஆட்டம்' என்கிறார். சித்தி திருவிழாவில் ஆடுவார். ஆனால் இது நேரத்திலும் இடத்திலும் வழக்கத்துக்கு மாறு, நோய்தான் என்று தாய் நினைக்கிறார். ஆட்டம் தொடங்கியது ஊருக்கு விட மறுத்த கிழமை. சம்பளம், போன் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். தகவல் தந்தவர் தாய், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல்." அவ்வளவுதான், ஏழெட்டு வரி. 'தமிழ், இந்து' அதில் இல்லாததைக் கவனித்தீர்களா? மேலே வேறு கட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாக, உங்களை மொழிபெயர்க்க இழுப்பது. போங்கள், தமிழ் தெரியாத டொக்டரும் சிங்களம் தெரியாத நோயாளியும் கைச்சாடையில் பேசுவதைவிடப் பரவாயில்லை. நோயாளியின் பத்து வயது மகளை நிறுத்தி அம்மாவுடைய சாவு எண்ணத்தைப் பெயர்க்கச் சொல்வதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒன்று, நல்ல மனசோடு திருத்திச் சொல்லாதீர்கள். கோர்வையில்லாமல் பேசுகிற ஒருவரின் பேச்சை நாங்கள் அறியாமலே கோர்வையாக்கி விடுவோம், டொக்டருக்கு அந்தக் கோர்வையின்மைதான் வேண்டும். விளங்காவிட்டால் "விளங்கவில்லை, இப்படி இப்படிச் சொல்கிறார்" என்று உடைந்தபடியே கொடுங்கள். "நான்" என்று அவர் சொன்னால் நீங்களும் "நான்" என்றே சொல்லுங்கள். "குரல் கேட்குதா?" என்று வெறுமனே கேட்காதீர்கள், என் குரல் கேட்கிறதா என்று கேட்பதாக நினைத்து "ஓம், நல்லாக் கேக்குது" என்பார்கள். ஆள் இல்லாத நேரம் யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்குமா, அதே நேரம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்குமா என்று டொக்டரிடம் சொல்லிக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். தோட்டத்துச் சொல், முஸ்லிம் சொல் எது விளங்காவிட்டாலும் உங்கள் மட்டக்களப்புத் தமிழால் நிரப்பாமல் திருப்பிக் கேளுங்கள்.

மொழிபெயர்க்கிற அதே நேரத்தில் தாதியாக மதிப்பீடும் எழுதச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள், இரண்டையும் ஒரே தலை செய்யாது. முதலில் மொழிபெயர்ப்பு முடியட்டும், பிறகு அரை மணித்தியாலம் கழித்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நோயாளியோடு தனியாக உட்காருங்கள். மறுத்தால் பெரிய டொக்டர் கோவிப்பார் என்கிறீர்கள். கோவிப்பார்தான். என்னையும் கோவித்தார்கள், இரண்டு கிழமை.